வானம் பாராத பூ

அக்கா,

இன்று ஒரு தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் உங்கள் காட்டுப் பியோனிச் செடியைக் கண்டேன். பழுப்பேறிய சிவப்பில் சின்னச் சின்னப் பூக்கள். எல்லாம் மண்ணைப் பார்த்துக் கவிழ்ந்திருந்தன. ஒன்றின் முகத்தைப் பார்க்கத் தரையில் குந்த வேண்டியிருந்தது.

லண்டன் இல்ஃபோர்டில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அமெரிக்காவில் மழை குறைந்த மலைக்காடுகளில், புதர்களுக்கிடையே வளரும் செடி அது. விதையைத் தபாலில் எடுப்பித்து, முளைக்கவே இரண்டு குளிர்காலம் காத்திருந்தீர்கள். லண்டன் மழை படாமல் சட்டியின் மேல் கண்ணாடி மூடி வைத்தீர்கள். எட்டாவது வருடம், வருகிற வசந்தத்தில் கட்டாயம் பூக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த கோடையில்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

யூலை வெயிலில் இலைகள் மஞ்சளாகிச் சரிந்தன. தண்ணீர் இல்லாமல் சாகிறது என்று எண்ணி, மூடியை எடுத்துவிட்டு நாள் தவறாமல் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்து உங்களைப் பார்க்க வந்தபோது நீங்களாகவே சொன்னீர்கள்.

“இலை காய்ஞ்சாப் பயப்பிடாதை. அது கீழை நித்திரை கொள்ளுது. தண்ணி மட்டும் ஊத்திப்போடாதை.”

தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கிண்டிப் பார்த்தேன். கிழங்கு கூழாக விரலில் ஒட்டியது.

நீங்கள் திரும்பி இல்ஃபோர்டுக்கு வரவேயில்லை. நோர்பரியில் மகள் வீட்டுக் கட்டிலில் குளிர்காலம் முழுவதும் கிடந்தீர்கள். மே மாதம் என் கையைப் பிடித்து, பூத்ததா என்று கேட்டீர்கள். பூத்தது என்றேன். எப்படி இருந்தது என்றீர்கள்.

“நல்ல சிவப்பக்கா. வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டது.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தீர்கள்.

“ஓம். வடிவாய்த்தான் இருந்திருக்கும்.”

நான்கு நாளில் போய்விட்டீர்கள்.

இன்று தோட்டத்து வாங்குப் பலகையில் இருந்தபடி உங்கள் மகளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீங்கள் வந்து போன அண்டைக்கே அம்மா சொன்னவா, அன்ரி. செடி செத்துப்போச்சாம், உங்களிட்டை அதைப்பற்றி ஒருநாளும் கேக்க வேண்டாமாம்.”

மூன்று வருடமாக அவள் கேட்கவில்லை, அக்கா. நீங்கள் சொல்லிவிட்டுப் போனதால்தான் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றுதான் தெரியும். மன்னிப்புக் கேட்க உங்களிடம் வர வழியில்லை. எட்டு வருடக் காத்திருப்பு என் கையால் போனது என்று தெரிந்தும், அன்று நீங்கள் என் கையை விடாமல் பிடித்திருந்தீர்கள். அந்தப் பிடி இன்னும் என்னிடம் இருக்கிறது.