கட்டாமல் வைத்திருக்கும் தொட்டில்

சேசு மரி சூசை துணை

பெரியதாழை

அன்பு மகள் விஜிலாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணன் ஆன்றோ பொண்டாட்டி பிலோமி எழுதுவது. இங்கே எல்லோரும் மாதா காவலில் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மாப்பிள்ளை டிக்சனும் அந்தச் சீமை லெஸ்டர் குளிரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்களா என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. ஆன்றோவுக்கு இந்த வாரம் நெத்திலி பரவாயில்லை. கடல் நம் தெருவுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்துவிட்டது, கல் கொட்டியும் கேட்கவில்லை. என் முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் அம்மா பேச்சை எடுத்தாலே நீ சாப்பிட்டீர்களா என்று கேட்டு வேறு பக்கம் திருப்பிவிடுகிறாய், நானும் போனை பிலோமியிடம் கொடுத்துவிடுகிறேன். தாளில் எழுதினால் நடுவில் யாரும் திருப்ப முடியாது, மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து படி.

போன மாதம் நீ பிலோமியிடம் இரண்டு காரியம் சொன்னாயாம். ஒன்று, கடற்கரையில் மாதா சொரூபம் வைத்த கெபியில் உன் பேரில் பிள்ளை வரம் கேட்டு ஒரு சின்ன மரத்தொட்டில் கட்டச் சொன்னது. மற்றது, அந்த ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லி இரண்டு தடவை அழைப்பு வந்தும் நீ போகாமல் விட்டது. எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்குப் போக வேண்டும் என்றாயாம், உள்ளே எதையாவது விட்டுக் கிண்டிப் பிள்ளை தங்காமல் ஆக்கிவிட்டால் என்ன செய்வது என்றும் பயந்தாயாம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பிலோமி, ஆசாரியிடம் செய்து வாங்கிய தொட்டிலைத் தூக்கிக்கொண்டு கெபிக்குக் கிளம்பினாள். நான் வாசலில் மறித்து அதை வாங்கி என் தலைமாட்டில் வைத்துவிட்டேன். இன்னும் கட்டவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

அம்மா வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்தாள் என்றுதான் உனக்குத் தெரியும். நீ அப்போது நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். உன் பெரிய அண்ணன் ரோச்சைக் கடல் கொண்டுபோய், உடம்பும் கிடைக்காமல் அவன் சட்டையைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்தோமே, அதற்குப் பிறகு அம்மா யாரிடமும் சொல்லாமல் கெபிக் கம்பியில் ஒரு தொட்டிலைக் கட்டினாள். யாருக்குத் தொட்டில் என்று ஊரில் கேட்டார்கள். என்னிடம் மட்டும், "ரோச்சத் திருப்பித் தாரும்னு கேட்டிருக்கேன்" என்றாள். அவளுக்கு அது நின்று போயிருந்த வயது. நான் அது என்றுதான் சொன்னேன், பிலோமி மாதவிலக்கு என்று எழுதுகிறாள். "மூணு பிள்ளையள பெத்தவள வச்சிக் குடும்பம் நடத்தியிருக்கிய, இந்த ஒரு வார்த்தையச் சொல்லதுக்கு என்ன மாமா வெக்கம்" என்று என்னைத் திட்டுகிறாள். சரி, இனி அவள் எழுதுகிறபடியே இருக்கட்டும். தொட்டில் கட்டிக் கொஞ்ச காலம் கழித்து ஒருநாள் விடியுமுன் அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள். "இங்க பாருங்க, மாதா கேட்டுட்டா" என்றாள். நின்று போன ரத்தம் மறுபடி வந்திருந்தது. கர்ப்பப்பை மறுபடி திறந்துவிட்டது என்று அவள் நினைத்தாள், நானும் நினைத்தேன்.

விஜிலா, அந்த மாதங்களைப் போல நாங்கள் சந்தோஷமாக இருந்ததே இல்லை. மற்ற எதுவும் மறந்தாலும் அந்தச் சந்தோஷம் மறக்க மாட்டேன் என்கிறது, ஆளை உட்காரவிடாமல் துரத்துகிறது. ரோச்சின் இன்னொரு சட்டையைப் பிரித்துச் சின்னச் சட்டையாகத் தைத்தாள். அடுப்படியில் நின்று பாடினாள். பிறகு துணியில் ஒரு வாடை வர ஆரம்பித்தது, குழியில் தேங்கிக் கிடக்கும் கடல் தண்ணீரின் வாடை. என்ன இது என்று கேட்டேன். "புள்ள கடலுக்குள்ள இருந்துல்லா வாரான், அந்த வாடை அடிக்காம என்ன செய்யும்" என்று சிரித்தாள். இடுப்பில் வலி வந்தபோது அதையும் பேறுகாலக்காரி தடவுவதுபோல் தடவிக்கொண்டாள். கடைசியில் காலும் வீங்கி எழுந்திருக்க முடியாமல் ஆனபோதுதான் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது, இனி வலிக்கு மருந்து கொடுப்பதுதான் என்றார்கள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள், "அப்பம் அவன் வரலியா?"

இதை ஏன் உனக்கு இப்போது சொல்கிறேன் தெரியுமா, பிலோமி கதை ஒன்று இருக்கிறது, அதை எழுத அவளும் சம்மதித்துவிட்டாள். போன வருடம் சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் தெருவுக்கு வந்து முப்பது தாண்டிய பெண்களெல்லாம் பரிசோதனைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டாள். பிலோமிக்கும் உன்னைப் போல ஒன்றும் செய்யவில்லை. ஆன்றோ கடலில் இருந்தான், நான்தான் கூடப் போனேன். அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன் குந்தியிருக்க, ஒருத்தி, "ஏன் தாத்தா, உமக்கும் பாக்கணுமா" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். பிலோமி உள்ளே போய் நான் ஒரு வெற்றிலை போட்டு முடிக்குமுன் வெளியே வந்துவிட்டாள். "கறிக்கு ஊத்துத வினாகிரி மாதிரி ஒண்ணப் பஞ்சுல தொட்டு வைக்காவ மாமா, அங்கன வெள்ளையா மாறுதான்னு பாக்காவ, அம்புட்டுதான்" என்றாள். அவளுக்கு வெள்ளையாக மாறியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், பஸ்ஸில் வழி நெடுக அழுதாள், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உன் அம்மா வாடையை நினைத்துக்கொண்டே போனேன். அங்கே சதை கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அம்மா, இது புற்று இல்லை, விட்டால் பல வருடம் கழித்துப் புற்றாகக் கூடியது என்று சொல்லி அந்த இடத்தை மட்டும் உறைய வைத்து அழித்து அனுப்பினார். இப்போது இதோ கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டே எழுதுகிறாள்.

அந்த டாக்டர் அம்மாவிடம் நான் விடாமல் கேட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது, காதில் விழுந்தது மட்டும் அழியாது, அப்படியே சொல்கிறேன். இது ஒரு கிருமியால் வருகிறது, புருஷன் பெண்சாதியாக வாழும் யாருக்கும் ஒட்டும், பெரும்பாலும் உடம்பே அதைத் துரத்திவிடும், சிலருக்கு மட்டும் தங்கிவிடும், அதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. தங்கினாலும் வெளியே ஒன்றும் காட்டாது, வலிக்காது. அதனால்தான் ஒன்றும் செய்யாதபோதே போகச் சொல்கிறார்கள். உன் ஊரில் சின்ன பிரஷ்ஷால் தடவி எடுத்து அந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம், பெண் நர்ஸே வேண்டும் என்றும் கேட்கலாமாம். கூச்சமாக இருக்கும், கொஞ்சம் உறுத்தும், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். கர்ப்பப்பைக்கு அதனால் கேடு இல்லை, பிள்ளை உண்டாவதை அது தடுக்காது, பிள்ளைக்கு ஆசைப்படுகிறவள் உண்டாவதற்கு முன்பே பார்த்துக்கொள்வது நல்லது என்று அந்த அம்மா சொன்னதை பிலோமி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்தாள். ஒரு தடவை சரியாக இருந்துவிட்டால் முடிந்தது என்று இல்லை, சில வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும், மாதவிலக்கு நின்ற பிறகும் போக வேண்டும். மறுபடி வரச் சொன்னால் புற்று என்று நினைத்துப் பதறாதே, பிலோமியை நினைத்துக்கொள். ஆனால் நின்ற பிறகு ரத்தம் வந்தாலோ, மாதவிலக்கு நாள் அல்லாத நாளில் கண்டாலோ, கூடியிருந்த பிறகு கண்டாலோ, வாடை வந்தாலோ, அடுத்த அழைப்பு வரட்டும் என்று ஒரு நாளும் இருக்காதே, உடனே டாக்டரிடம் போ. பிலோமி தன் சின்னவளுக்குத் தடுப்பூசியும் போட்டுவிட்டாள், ஊசி போட்டவர்களும் பரிசோதனைக்குரிய வயது வந்ததும் போக வேண்டுமாம்.

நேற்றுச் சாயங்காலம் கெபிக்குப் போனேன். அம்மா கட்டிய தொட்டில் உப்பில் வெளுத்து எலும்பு மாதிரி இன்னும் அந்தக் கம்பியில்தான் இருக்கிறது. காற்று இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, பக்கத்தில் கட்டிய தொட்டில்கள் எல்லாம் அசையாமல் நின்றன. அது மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. பிலோமி இதை எழுத மாட்டேன் என்கிறாள், காற்றாகத்தான் இருக்கும் என்கிறாள். எழுதும்மா என்றேன். எனக்குப் பயம் இல்லை, ஆட்டுவது யார் என்று தெரியும். உன் தொட்டிலைப் பக்கத்தில் கட்டினால் அதையும் ஆட்டுவாள். எதில் பிள்ளை வருகிறது, எதில் புற்று வருகிறது என்று அவளுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. நீ பரிசோதனையில் பார்த்துச் சொன்னால்தான் உண்டு, அதுவரை உன் தொட்டில் என் தலைமாட்டில்தான். "மாதாவுக்கே நிபந்தனை போடுதியளா மாமா" என்று பிலோமி கேட்கிறாள். மாதாவுக்கு இல்லை, என் மகளுக்கு.

மாதா உன் வயிற்றையும் உன் வீட்டையும் காக்கட்டும். மாப்பிள்ளையிடம் இதை மறைக்காதே, அவரையும் கூட்டிக்கொண்டு போ. மறந்துவிடாதே, அழைப்பை எடுத்துப் பார்த்து நாள் கேட்டுக்கொள். போய்விட்டு வந்ததும் எந்த நேரமானாலும் போன் செய், போயிட்டு வந்துட்டேன் என்ற ஒரு சொல் போதும், முட்டுவலியைப் பார்க்காமல் நானே தொட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு, அம்மா கட்டியதை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவள் ஆட்டியது போதும்.

இப்படிக்கு,
பெருவிரல் ரேகை வைத்து முத்தமிடும் உன் அப்பா
அம்புரோஸ்