தூங்குறாரா, தூங்குறீங்களா

அன்புள்ள சிட்டுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், நடுவில் இருமலை விழுங்கியது எனக்குக் கேட்காமல் இல்லை. இதைச் சொன்னால் உன் அப்பா, "யாரு சிரிச்சாலும் நீ பல்லை எண்ணிப் பாப்பியே" என்கிறார். எண்ணிப் பார்ப்பதால்தான் வீடு இந்த மட்டில் இருக்கிறது என்று நான் பதில் சொல்வதில்லை, மனதில் வைத்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மனநல உதவி மையத்தில் உன் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மருந்துக்காக இல்லை. மையத்தை மாற்றி அமைக்கப் போகிறார்களாம், நோயோடு வாழ்ந்து பார்த்தவர்களைக் கேட்டுத்தான் செய்வார்களாம், அதற்கு ஒரு குழுவாம். புதிதாக வந்திருக்கும் பொறுப்பாளர் அம்மா வீட்டுக்கே வந்து மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம்" என்றார். அந்தப் பணிவே எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் கேட்காதவர்களுக்கு இப்போது என்ன வந்தது? நீ பள்ளியில் படித்தபோது இதே மையம் ஒரு விழாவில் அவனை மேடையேற்றிக் கதை சொல்ல வைத்தது நினைவிருக்கிறதா? கைதட்டினார்கள், படம் எடுத்துச் சுவரில் மாட்டினார்கள். அதன் பிறகு அவன் அறையை விட்டு வராமல் கிடந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கைதட்டியவர்களில் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போதுதான் அச்சகத்தில் தாள் வெட்டும் வேலைக்குப் போய் வருகிறான், ராத்திரி சாப்பாட்டுக்குத் தானாகவே வந்து உட்காருகிறான். மறுபடி போட்டு உடைத்தால் ஒட்டப் போவது அவர்களா? வேண்டாம் என்றேன். அவன் போகிறேன் என்றான். அப்படியானால் நானும் வருவேன் என்று கூடவே கிளம்பினேன்.

கூட்டம் நடந்த அறையில் புதுப் பெயின்ட் வாசனை, தட்டில் பிஸ்கட். மாமாவின் பழைய படத்தை எடுத்துவிட்டிருந்தார்கள், ஆணி மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த படத்துக்கு இடம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்களோடு ஒரு தையல்காரம்மாவும் இருந்தார், அவரும் பல வருஷம் மாத்திரை சாப்பிட்டவர். மையத்து டாக்டரும் வந்திருந்தார். அவர் என்னைப் பார்த்து, "இவருக்கு இங்க என்னென்ன சிரமம் இருந்துச்சு?" என்றார். நான் சொன்னேன், நிறையவே சொன்னேன், எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. பிறகு "இப்ப நல்லா தூங்குறாரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா, "டாக்டர், நான் இங்கதான் இருக்கேன். 'தூங்குறாரா'ன்னு அக்காகிட்ட கேக்கறீங்க, 'தூங்குறீங்களா'ன்னு என்கிட்ட கேட்டா சொல்ல மாட்டேனா? மொதல்ல இதை மாத்துங்க" என்றான். குரல் உயரவே இல்லை. தையல்காரம்மா சிரித்துவிட்டு, "எங்க வீட்டுக்காரரு 'உனக்குத் தலைவலி'ன்னு என்கிட்டயே வந்து சொல்லுவாரு" என்றார். மாமா விடவில்லை. கூட வருகிறவர்கள் வெளியே உட்காரட்டும், நாங்கள் கூப்பிட்டால் உள்ளே வரட்டும் என்றான். அப்போது யாரும் என் பக்கம் திரும்பவில்லை, எல்லோரும் என்னைத்தான் நினைக்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்தது. பொறுப்பாளர் அம்மா உடனே சரி என்றார். அவ்வளவு சட்டென்று ஒப்புக்கொண்டதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கதவைச் சாத்துவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்?

அடுத்த கூட்டத்தில் நான் வெளியே பெஞ்சில். உள்ளே பேச்சு முணுமுணுவென்று கேட்டது, ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஒரு தடவை சிரிப்புச் சத்தம், அதில் அவன் சிரிப்பும் இருந்தது. அவனைப் பேசி மயக்கி எதற்கோ தலையாட்ட வைக்கிறார்கள் என்று கையைப் பிசைந்துகொண்டு இருந்தேன். வெளியே வந்தவனிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "வா அக்கா, பசிக்குது" என்று நடந்துவிட்டான். மறுநாள் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் சாக்கில் தையல்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். நான் பயந்தது சரிதான். திறப்பு விழாவில் உங்கள் கதையைச் சொல்வீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இவன், "கதை வேணாம், வேலை இருந்தா சொல்லுங்க" என்றானாம். புதிதாக வருகிறவர்களோடு முதல் நாள் உட்கார்ந்து பேசும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறான். அவனை மறுபடி மேடையேற்றுவதை நான் உள்ளே இருந்திருந்தால் தடுத்திருப்பேன், சண்டை போட்டிருப்பேன். நான் இல்லாமலே அவன் தடுத்துவிட்டான். இதற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்களை நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதே, அந்த ஆணி இன்னும் சுவரில்தான் இருக்கிறது, போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

நேற்று சாப்பிடும்போது உன் அப்பாவிடம், "தம்பி மாத்திரை போட்டானா?" என்று கேட்டுவிட்டேன். தம்பி எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். "போட்டேன்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். உன் அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, நன்றாக இரு. இனி போன் செய்தால் மாமா எப்படி இருக்கிறார் என்று என்னிடம் கேட்காதே, அவனைக் கூப்பிட்டுக் கேள், நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன். இன்னொன்று, உன் அறைத்தோழி சொல்லியிருக்க மாட்டாள். போன வாரம் அவளுக்குப் போன் போட்டு "ரொம்ப இருமுறாளா?" என்று விசாரித்தேன். இனிமேல் அவளைக் கேட்க மாட்டேன்.

இருமுகிறாயா? உன்னைத்தான் கேட்கிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா