எந்த அலமாரியில் வைப்பது

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. முழங்கால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி சுகமாக இருக்கிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்த இருமல் விட்டு, நன்றாக இருப்பாய் என்ற நினைப்பில் எழுதுகிறேன். போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று சிரிப்பாய். உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெதையோ பேசிவிடுகிறேன், அதனால்தான்.

வக்கீலம்மா ஆபீசில் கேஸ் கட்டுகளை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. சுவரோரம் சிவில், கிரிமினல், குடும்பம் என்று மூன்று அலமாரி. போன வாரம் ஒரு கூத்து. அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக் கட்டைக் குடும்ப அலமாரியில் வைத்துவிட்டேன், கூடப்பிறந்தவர்கள் குடும்பம் இல்லாமல் வேறென்ன? அதைத் தேடி ஆபீசே தலைகீழானது. வக்கீலம்மா திட்டவில்லை, தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் தம்பி நிலத்துக்குச் சண்டை போட்டால் சிவில், அதில் மண்டையை உடைத்தால் கிரிமினல், குடும்ப அலமாரி புருஷன் பெண்டாட்டி பிள்ளை விவகாரத்துக்குத்தான் அக்கா என்று பாடம் எடுத்தார். சிவிலில் பறிபோனது திரும்பக் கிடைக்குமாம், கிரிமினலில் செய்தவனுக்குத் தண்டனையாம். சர்க்கார் மேலேயே போடுகிற வழக்குக்கு உள்ளறையில் நாலாவது ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்தார், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மகன் மேல் வழக்குப் போட வேண்டுமாம். அடித்தானா என்றால் இல்லை. வீட்டை எழுதி வாங்கிக்கொண்டானா, இல்லை. செலவுக்கு அனுப்பவில்லையா, அதிலெல்லாம் குறையே இல்லையாம். பிறகு என்னதான் செய்தான் என்று கேட்டதற்கு, "அவன் வர்றதே இல்லைங்க" என்றார். வக்கீலம்மா பேனாவை மூடிவிட்டு, அதுக்குச் சட்டம் கிடையாதுங்க ஐயா என்று மெதுவாகச் சொன்னார். பெரியவர் என்னிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். நான் தூசி தட்டுகிற சாக்கில் அலமாரிப் பக்கம் திரும்பி அழுதுவிட்டேன்.

நீ வேலைக்காக அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. கம்பெனியில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் கேட்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று நீ கேட்டபோது, தாராளமாகப் போடு, எனக்கென்ன குறை, பொழுது பறக்கிறது என்று சொன்னேன் அல்லவா. இங்கே ஒரு வார்த்தை கற்றுக்கொண்டேன். முதலில் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் ஏறியதும் மாற்றிச் சொல்பவரைப் பிறழ்சாட்சி என்பார்களாம். உன் அம்மா இப்போது பிறழ்சாட்சி. போனில் சொன்னது பொய். பொழுது நகரவே மாட்டேன் என்கிறது. அப்பா காலமானதிலிருந்து, காலையில் கிளம்பும்போதே உன் அறை விளக்கைப் போட்டுவிட்டுப் போகிறேன், திரும்பி வரும்போது உள்ளே ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று. மனசு உன்னை ரொம்பத் தேடுகிறது. அந்த வேலை உனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியாதா, அதனால் கையெழுத்துப் போடாதே என்று சொல்லவில்லை. பொய்ச் சாட்சியை நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதே என்றுதான் சொல்கிறேன்.

நோய்நொடி அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றாயே, மறந்துவிடாதே, அதற்கு முன்னால் ஒரு போன் போடு. எப்படி இருக்கிறாய் என்று மறுபடி கேள்.

உன்னைத் தேடிக்கொண்டிருக்கும்
அம்மா