கேட்டில் மாட்டிய பலகை

சீகிரியா
11.02.2025

அன்புள்ள நிஷாந்திக்கு,

நான் சுகம். உன் சுகம்தான் தெரியவில்லை, அதற்காகவே எழுதுகிறேன். அன்று ஹோட்டல் கேட்டில் உன் புருஷன் உன்னை அடித்து, போனையும் போட்டு உடைத்த பிறகு உன்னை எப்படி விசாரிப்பது? நம் லாண்டரி ஜெஸ்லாவிடம் நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். "கடிதம்னா கொண்டுபோய்க் குடுக்குறேன் மிஸ். எடத்த மட்டும் கேக்க வாணாம்" என்கிறாள்.

என் குணம் உனக்குத் தெரியும். ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. விரிப்பு மடிப்பதில் லாண்டரியில் உன்னை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவள் நவம்பரிலிருந்து தலையணை உறையை மேசைத்துணியோடு சேர்த்துக் கட்டினாய், தினமும் அரை மணி நேரம் பிந்தினாய். நான் எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுத்தேன். ஊர்க் கதையெல்லாம் துருவுகிறவள் இதை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. நீ அவரை விட்டு வந்து மூன்று மாதம் என்பதே அன்றுதான் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. உன் ஷிஃப்டை நான் நாலு தரம் மாற்றினேன். அன்று உனக்கு வேலை முடிவது பகல் இரண்டு மணிக்கு. அவர் ஒன்றே முக்காலுக்கே வந்து நிற்கிறார். யார் சொன்னது? காவலுக்கு இருக்கும் சாலிஹ் நானாவைப் பிடித்து உலுக்கிவிட்டேன், தான் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். ஆள் யாரென்று எழுது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் இடத்தை மாத முடிவுவரை வைத்திருப்பதாக மனேஜர் சொன்னார். வந்துவிடு.

அன்புடன்,
றமீஸா


15.02.2025

மதிப்புக்குரிய றமீஸா மிஸ்ஸுக்கு,

கடிதம் கிடைத்தது. கன்னத்துத் தையல் பிரித்தாயிற்று. சாப்பிடுகிறேன், தூக்கம்தான் குறைவு.

பிந்தி வந்தது சோம்பலால் இல்லை மிஸ். கேட்டுக்கு எதிரே அவருடைய ஆட்டோ நிற்கும். அதனால் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, குளக்கட்டால் நடந்து, சமையலறைப் பக்கமாக உள்ளே வருவேன். வேலை முடிந்து போகும்போதுதான் கேட்டால் போகவேண்டும். மடிக்கும்போதும் காது வெளியே ஆட்டோச் சத்தத்தில்தான் இருக்கும். கையில் இருப்பது உறையா மேசைத்துணியா என்றே தெரியாது.

பாவம் சாலிஹ் நானா, அவரைத் திட்டாதீர்கள். யாரும் சொல்லவில்லை. யாரை எத்தனை மணிக்கு ஏற்றுவது என்று ஆட்டோக்காரர்கள் பார்ப்பதற்காகக் கேட்டில் ஒரு பலகை மாட்டினீர்களே, அதில் எல்லார் பெயரும் நேரமும் இருக்கிறது. அவரும் ஆட்டோக்காரர்தானே. என் ஷிஃப்ட் மாறிய அன்றே நீங்கள் அதையும் மாற்றி எழுதிவிடுவீர்கள், தமிழிலும் சிங்களத்திலும். உங்கள் எழுத்து நல்ல தெளிவு மிஸ். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்தே வாசிக்கலாம்.

முதலே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பலகையை எடுக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்கத் தொடங்கினால் யாரால் தப்ப முடியும்?

இப்படிக்கு,
நிஷாந்தி


சீகிரியா
19.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். மூக்குக்கண்ணாடி இல்லாமலே உன் பெயர் தெரிந்தது. அந்தப் பலகைக்காக மனேஜர் என்னைப் பாராட்டினார், நானும் ஒரு வாரம் பெருமையடித்தேன். அங்கேயே நின்று அழுதேன், நிஷாந்தி. மன்னித்துக்கொள்.

அன்றைக்கே கழற்றிவிட்டேன். "அப்ப நாங்க எப்படி மிஸ் ஆள ஏத்துறது?" என்று ஆட்டோக்காரர்கள் சத்தம் போட்டார்கள். வேலை முடிந்தவர்களே உள்ளேயிருந்து போன் பண்ணுவார்கள் என்றேன். இனி புருஷன் வந்தாலும் சரி, வாப்பா வந்தாலும் சரி, யாருடைய நேரத்தையும் சொல்வதில்லை என்று மனேஜர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நேற்று எங்கள் வீட்டுக்காரர் என் கண்ணாடியைக் கொண்டுவந்தார். "றமீஸாவா? உள்ள இருக்காங்களா இல்லையான்னு சொல்ல ஏலாது" என்று சாலிஹ் நானா திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் இன்னும் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

பொலிஸில் முறைப்பாடு போடுவதென்றால் நானும் சாலிஹ் நானாவும் சாட்சிக்கு வருகிறோம். எச்சரிக்கைக் கடிதத்தை உன் கோப்பிலிருந்து எடுத்தாயிற்று. அதை இத்துடன் வைத்திருக்கிறேன், நீயே கிழித்துப் போடு.

ஒன்று மட்டும் சொல்லு. எந்த நாள் வருவாய்? எத்தனை மணிக்கு?

உன் றமீஸா


24.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எச்சரிக்கைக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். தேநீர் நன்றாக இருந்தது.

நேற்று ஜெஸ்லாவின் சால்வையால் தலையை மூடிக்கொண்டு பஸ்ஸில் நம் கேட்டைத் தாண்டிப் போனேன். ஆள் ஏற்ற பஸ் அங்கே நின்றது. நான் இறங்கவில்லை, பார்க்கத்தான் போனேன். பலகை இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது. அவர் ஆட்டோவை விட்டு இறங்கி அந்த வெறுஞ்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாலிஹ் நானாவிடம் ஏதோ கேட்டார். நானா வானத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அவர் எங்கே என்று எனக்குத் தெரிகிறது, நான் எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை.

பொலிஸுக்கு உங்களோடு வருகிறேன். மாதம் முடிவதற்குள் வேலைக்கும் வருவேன். நாளும் நேரமும் கேட்டிருக்கிறீர்கள். தெரியாவிட்டால் உங்களுக்குச் சோறு இறங்காது என்பதும் தெரியும். ஆனாலும் எழுதமாட்டேன் அக்கா. நீங்கள் போட்ட சட்டம்தானே.

ஒரு நாள் காலையில் விரிப்பு மடிக்கும் மேசைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். நிற்பேன்.

உங்கள் தங்கச்சி,
நிஷாந்தி