வெரி குட் சொல்லி உட்கார வைக்கிறார்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், அந்த நம்பிக்கையில் கொஞ்சம் ஓட்டை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, கடைக்குப் போகச் சொன்னால் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. தம்பி வேலை தேடுகிறானாம், கைப்பேசிக்குள் தேடுகிறான்.

எங்கள் ஓட்டலில் சலவைப் பிரிவை மூடிவிட்டுத் துணியை வெளியே கொடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களை மட்டும் விருந்தினர் அறை வேலைக்கு மாற்றுவார்களாம், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம். அதற்காக மதியத்துக்கு மேல் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. முன் மேசைகளில் மேனேஜர் கூட்டி வந்த புதுப் பெண்கள், பின்னால் சலவைப் பிரிவு நாங்கள். வாத்தியாருக்கு முகம் முழுக்கச் சிரிப்பு, எனக்கு அந்தச் சிரிப்பே பிடிக்கவில்லை. முன்னால் ஒருத்தி தப்பாகச் சொன்னால் நிறுத்துகிறார், காத்திருக்கிறார், அவள் கண் கலங்கினாலும் விடாமல் திரும்பச் சொல்ல வைக்கிறார். எங்கள் பக்கம் கேள்வி வந்தால், வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லி, வெரி குட் என்று உட்கார வைத்துவிடுகிறார். எதையும் பாதி கேட்டுவிட்டு ஓடுவாளே, அவசரம் என்று நாங்கள் பேர் வைத்த அந்த அக்காவுக்கு ஒரே குஷி, நமக்கு இங்கிலீஷ் நாக்குலேயே இருந்திருக்குடி, இத்தனை நாளு தெரியாமப் போச்சே என்று துள்ளினாள். தப்பே செய்யாத மேதைகளாக நாங்கள் எப்போது ஆனோம்? வீட்டில் சொன்னால் அப்பா, பாராட்டினாலும் சந்தேகமா, நீ கும்பிடுறவன் கையிலயும் கத்தி தேடுற ஆளு என்று சிரிக்கிறார்.

சோதித்துப் பார்த்தேன். அறையில் துண்டு ஈரமாக இருக்கிறது என்று விருந்தினர் புகார் சொன்னால் என்ன சொல்வீர்கள் என்று என்னைக் கேட்டார். வேண்டுமென்றே, ஹேப்பி பர்த்டே சார் என்றேன். வெரி குட் என்றார். அவசரம்கூட அன்றைக்குத்தான் ஒன்றை முழுதாகக் கேட்டாள், அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நான் உட்காரவில்லை. ஈரத் துண்டுக்குப் பொறந்த நாளா சார், முன்னாடி இருக்கிறவங்களைக் குட்டுற மாதிரி எங்களையும் குட்டுங்க என்றேன். சிரிப்பு போன முகத்தை அப்போதுதான் பார்த்தேன், பயந்த முகம். குரலைத் தாழ்த்தி, உங்க வரிசையில யாரையும் எடுக்கிறதா இல்லக்கா, மனசு நோகாம உட்கார வச்சு அனுப்புன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு என்றார். நோகாமல் கழுத்தறுக்கவும் ஒரு படிப்பு இருக்கிறது பார். அப்போ நாங்க நிக்கிறோம் என்றேன். பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. அவர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு சரியான பதிலைச் சொல்லிக் கொடுத்தார், நான் தப்பாகச் சொல்லச் சொல்ல நிறுத்தினார், நாக்கு சுளுக்கி வியர்த்துப் போனேன். இத்தனை நாளில் அதுதான் வகுப்பு. வேலை நிற்குமா போகுமா தெரியாது. நாளைக்கு எல்லோரும் மேனேஜர் அறைக்குப் போகிறோம், நான்தான் பேச வேண்டுமாம்.

உன் சூப்பர்வைசர் ஓயாமல் பாராட்டுகிறார் என்று பெருமையாகச் சொன்னாயே, அவர் கடைசியாக உன் வேலையில் குறை சொன்னது எப்போது என்று யோசித்துப் பார். உன் மேலும் எனக்குச் சந்தேகம்தான். சாப்பிட்டாயா, அங்கே உன்னை மனுஷியாக நடத்துகிறார்களா என்று நான் வாயைத் திறப்பதற்குள், எல்லாம் நல்லா இருக்கும்மா என்று போனை வைத்துவிடுகிறாய். அந்தக் குரல் எது என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. என்னை உட்கார வைக்காதே.

யாருக்கும் குனியாமல், குறையில்லாமல் நீ வாழ வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நான் கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருப்பேன், நீ யோசித்தே பதில் சொல்.

இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் அம்மா