பெரியவருக்குப் போர்வை வேண்டாம்

ஏங்க, எழுந்ததும் லாயத்துக்கு ஓடாதீங்க. நம்ம கிழட்டுக் குதிரை, நம்ம பெரியவர், அங்க இல்ல. விடியும்போது நான்தான் அவரோட போர்வையைக் கழட்டி, மழையிலேயே வெளிய விட்டேன். திட்டறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா ஒரு தடவை பாருங்க.

ஓடுறாருங்க. லாயத்துத் தூசில இருமிக்கிட்டே நின்னவர், சேத்துல புரண்டு எழுந்து, வேலியோரமா குட்டி மாதிரி ஒரு சுத்து ஓடினார். அவர் முதுகு முடிக்குள்ள விரலை விட்டுப் பார்த்தேன். மேலதான் ஈரம், தோல் காஞ்சு வெதுவெதுன்னு இருக்கு. போர்வைக்குள்ளதான் வேர்த்துக் கொட்டியிருந்தது. கோடை மழைக்குப் போர்வை எதுக்குன்னு நேத்து தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டீங்களா?

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. லாடம் அடிக்கிறவர் மத்தியானம் வருவார். அதுக்குள்ள குளம்புச் சேத்தைக் கழுவி வைங்க, இல்லன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.

காத்து பலமா அடிச்சு பெரியவர் நடுங்கினா உள்ள கட்டிடுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு. நேத்து அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தீங்களே, குளிர்ல சுருண்டு கிடந்தது நீங்கதான். கோபத்தோடதான் போர்த்திவிட்டேன்.