உறைமண்ணில் ஜாக்கி

நாள் 211, காலை 9.10

குரல் பதிவு. பேசுவது உலகம்மை, பனிக்கட்டி ஆய்வாளர். கூட இருப்பது குருசுமிக்கேல், வண்டியோட்டி, மெக்கானிக்கும் அவன்தான். செவ்வாயின் வட சமவெளியில் துளைத்தெடுத்த பனித்தண்டுகள் மாதிரிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கின்றன. நிலையத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம். தரை உறைமண், பனிக்கட்டி பிடித்து இறுகிய மண், கான்கிரீட் மாதிரி. இடது நடுச்சக்கரம் கரகரவென்று சத்தம் போடுகிறது. மிக்கேல் அதைக் கேட்காத மாதிரி மீன்குழம்பைப் பற்றியே பேசுகிறான். குழாயில் பிதுக்கித் தின்கிற இடத்தில் இந்தப் பேச்சு தேவையா?

நாள் 211, காலை 11.40

சக்கரம் இறுகிவிட்டது. வண்டியைத் தூக்கி, அச்சுமுனையில் பேரிங்கை மாற்ற வேண்டும். மற்ற ஐந்து சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கல் வைத்தாயிற்று. பிரேக் போட்டாயிற்று. ஜாக்கியை எடுத்தால், தூக்கிய வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டாண்டும் இல்லை.

இருக்காது. போன வாரம் நிலைய இயக்குநர் எடுத்துக்கொண்டு போனார். நிலையத்தில் இன்னொரு வண்டி சக்கரமில்லாமல் எங்கள் ஸ்டாண்ட் மேல் நிற்கிறது. பூமியிலிருந்து யாரோ வந்து படமெடுக்கப் போகிறார்களாம், அதற்குப் புதுச் சாயம் பூசுகிறார்கள். அவர் மூஞ்சிக்கும் கொஞ்சம் பூசிக்கொள்ளட்டும்.

மிக்கேல் சிரிக்கிறான். "எக்கா, இங்க வண்டி மூணுல ஒரு பங்கு கனம்தானே. ஜாக்கி ஒண்ணே போதும். வெரசா முடிச்சிருவேன்." கனம் குறைந்தால் நசுக்காதா என்று கேட்டேன். பாட்டு முணுமுணுக்கிறான். ஜாக்கி வெதுவெதுப்பாக இருக்கிறது. எண்ணெய் உறைந்துவிடக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் அதை பேட்டரிப் பெட்டியோடு சேர்த்துக் கட்டித்தான் வைப்போம். நிலையத்துப் பழக்கம்.

நாள் 211, மதியம் 12.25

வண்டி இறங்கிவிட்டது. மிக்கேலின் இடது கால் அச்சுக்கு அடியில்.

கீழ் போல்ட் எட்டவில்லை என்று காலை உள்ளே நீட்டி உட்கார்ந்திருந்தான். ஜாக்கி மெல்லச் சாய்ந்ததை நான்தான் பார்த்தேன். கத்தினேன். உடம்பை இழுத்துவிட்டான், காலை இழுக்க முடியவில்லை. உணர்வோடு பேசுகிறான். விழுந்ததில் அவன் விண்வெளி உடையின் அளவுகளைக் காட்டும் கைத்திரை உடைந்துபோனது. உடையில் காற்று எவ்வளவு, கசிவு உண்டா என்பதெல்லாம் இனி நிலையத்துக்கு மட்டும்தான் தெரியும். கேட்டேன். நிலையத்து வானொலியில் இருக்கும் ரசாக் பதில் சொன்னான்: "உடை பரவாயில்ல மேடம். நீங்க தூக்குற வேலையப் பாருங்க."

இருட்டுவதற்குள் வெளியே எடுக்க வேண்டும். இந்த உடையின் சூடு பகலுக்குத்தான் தாங்கும். ராத்திரிக் குளிரில் அவன் பிழைக்க மாட்டான்.

நாள் 211, மதியம் 1.50

மறுபடி தூக்கினேன். விரற்கடை ஏறியது, மறுபடி இறங்கியது. ஜாக்கியின் அடித்தட்டை எடுத்துப் பார்த்தால் அதன் வடிவத்திலேயே தரையில் குழி. மண்ணைப் பிடித்துவைத்திருந்த பனிக்கட்டி, தட்டின் சூட்டில் ஆவியாகிப் போயிருக்கிறது. மிச்சம் வெறும் புழுதி. பனிக்கட்டியைப் படித்துப் பட்டம் வாங்கியவள் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், மண்டையில் உறைக்கவில்லை.

ஜாக்கியை நிழலில் ஆறவைத்தேன். ஆறியதும் எண்ணெய் கெட்டித்துப்போய்க் கம்பி அசையவே இல்லை. சூடாக இருந்தால் இறங்கும், ஆறினால் ஏறாது. காலுக்கு அடியில் தோண்டலாம் என்று கொத்தினால் கொத்துளிதான் மழுங்குகிறது. சூடு காட்டினால் வண்டியும் சேர்ந்து இறங்கும்.

மிக்கேல் சொல்கிறான்: "எக்கா, ஒரு வாய் டீ குடிச்சிட்டு யோசிங்க. நான் எங்கயும் போவ மாட்டேன்." இவனை என்ன செய்வது.

நாள் 211, பிற்பகல் 3.05

தட்டுக்கும் தரைக்கும் நடுவே சூடு கடத்தாத, அழுத்தினால் நசுங்காத ஏதாவது வேண்டும். வண்டியில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. மாதிரிப் பெட்டியின் மூடி. உள்ளங்கை அகலத்துக்குத் தடிமன், பனித்தண்டு உருகாமலிருக்கச் செய்தது.

நிலையத்துக்குச் சொன்னேன். இயக்குநரே வானொலிக்கு வந்தார்: "பெட்டியத் திறக்காதீங்க உலகம்மை. மூடி போச்சுன்னா தண்டு மொத்தமும் போச்சு. எத்தன வருஷ உழைப்பு, நிதானமா யோசிங்க." நிதானமாகவே யோசித்தேன். அது என் உழைப்பு, சார். உங்களுடையது இல்லை. மூடியைக் கழற்றிவிட்டேன்.

மறுபடியும் உடையைப் பற்றிக் கேட்டேன். ரசாக் கொஞ்சம் தயங்கி, "மாற்றம் எதுவும் இல்ல மேடம்" என்றான்.

நாள் 211, மாலை 4.20

குழியை விட்டுத் தள்ளிப் புது இடம் பார்த்துப் புழுதியை வழித்தேன். மூடி, மேலே அடித்தட்டு, மேலே ஜாக்கி, பேட்டரி அருகே வைத்துச் சூடாக்கியது. கொஞ்சம் ஏற்றுவேன், நிறுத்துவேன், தட்டின் ஓரத்தைப் பார்ப்பேன். இறங்கவில்லை. ஏற ஏற அச்சுக்கு அடியில் உதிரிச் சக்கரத்தைத் தள்ளி முட்டுக்கொடுத்தேன். இனி ஜாக்கியே போனாலும் வண்டி அவன் மேல் விழாது.

"கால் லேசாவுதுக்கா." சிரிக்கிறான். நானும்தான். இன்னும் நாலு அழுத்து. போகிறேன்.

நாள் 211, மாலை

நேரம் பார்க்கல. வெளிய எடுத்துட்டேன். எடுத்துட்டேன், ஆனா உடையில கால் பக்கம் கிழிசல். கணுக்கால்ல. காத்து பீச்சிக்கிட்டு வெள்ளையா வருது. வண்டியோட கனந்தான் அத அடைச்சிருக்கு. நான் தூக்க தூக்க அது தொறந்து

பெல்ட் எடுக்க ஓடினேன். வண்டிக்குள்ள ஒரே ஒரு பெல்ட்தான் கெடந்துச்சு. முழங்காலுக்குக் கீழ இறுக்கிட்டேன். இறுக்கின பெறகு காத்து நின்னுச்சு. மிக்கேலு. ஏ மிக்கேலு. பேசல.

நாள் 211, மாலை 6.00

குருசுமிக்கேல் இறந்துவிட்டான்.

சொன்னதும் வானொலியில் ரசாக் அழுதான்: "கிழிசல் இருக்கறது மத்தியானமே எங்க திரையில தெரிஞ்சுது மேடம். காத்து ரொம்பக் கம்மியாத்தான் போச்சு. உங்களப் பதற வைக்கக் கூடாதுன்னு இயக்குநர் சொல்லிட்டார். நான் சொல்லியிருக்கணும்."

பதறுவேனாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெல்ட்டை முதலில் கட்டிவிட்டு அப்புறம் தூக்கியிருப்பேன். கால் போயிருக்கும். ஒற்றைக் காலோடு அவன் இந்நேரம் மீன்குழம்பு பேசிக்கொண்டிருப்பான்.

பிறகு இயக்குநர்: "வருத்தமா இருக்கு. நீங்க தனியா இருக்கீங்க, இருட்டுறதுக்குள்ள பேரிங்க மாத்திட்டுக் கிளம்புங்க. வண்டியயாவது பத்திரமாக் கொண்டுவாங்க."

வண்டியையாவது. மிக்கேலை இங்கே விட்டுவிட்டு வர மாட்டேன், அதனால் மாற்றுகிறேன். காலை உள்ளே நீட்டாமலே கீழ் போல்ட் கழன்றது. இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கியிருந்தாலே போதுமாயிருந்தது.

நாள் 212, காலை 5.30

ராத்திரி முழுக்க ஓட்டினேன். அவனைப் பக்கத்து இருக்கையில் வைத்துக் கட்டியிருக்கிறேன், அதே பெல்ட்டால். வேறு இல்லை.

இதைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி, வேலைக்கு ஆகும், கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட் இல்லாமல் வண்டியைத் தூக்காதீர்கள். சூடான ஜாக்கியை உறைமண்ணில் நேராக வைக்காதீர்கள். மாட்டியவனை எடுக்கும் முன் மாட்டிய இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுங்கள். உடை நன்றாக இருக்கிறது என்று எவன் சொன்னாலும் கட்டுங்கள்.

நிலையத்து விளக்கு தெரிகிறது. ரசாக் சொல்கிறான்: "வாசல் தயாரா இருக்கு மேடம். இயக்குநரே வந்து நிக்கிறார். பெட்டியில எதாவது மிஞ்சியிருக்கான்னு கேக்கறார்."

நிற்கட்டும். வாசலை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இங்கே மிக்கேல் பெரிய கனமில்லை, ஒரு ஆளே தாங்கிவிடலாம். முதலில் அவனைத்தான் இறக்கப்போகிறேன். அவர் கையில்.